நானூறு பிராணனும் ஒரு கைப்பிடியும்

கல்கத்தாவில் சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் இருந்த அந்த டேட்டா சென்டரின் வாசலில், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே செருப்புகள் குவிந்துவிட்டன. உள்ளே தூசி ஆகாது, செருப்பைக் கழற்றுங்கள் என்று வருஷக்கணக்காக எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒருவரும் கழற்றியதில்லை. ராஜ்மோகன் பாபா வருகிறார் என்றதும் எல்லாம் தாமாகவே கழன்றுகொண்டன.

பாபா பேய் ஓட்ட மாட்டார், பிள்ளை வரம் தர மாட்டார். அந்தத் தொழிலில் போட்டி அதிகம். அவர் சர்வர்களுக்கு மட்டுமே அருள்பாலிப்பவர். ஹவுராவில் இன்வெர்ட்டர் பாட்டரிக் கடை வைத்திருந்தார். கடை படுத்தது, ஞானம் எழுந்தது. இப்போது கரியாஹாட்டில் ஏசி போட்ட ஆசிரமம். பெரிய பெரிய மேனேஜர்கள் லாப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் காத்திருப்பார்கள். பாபா தட்சணை என்று ஒரு பைசா தொடுவதில்லை. ஆலோசனைக் கட்டணம் என்று பில் அனுப்புவார், ஜிஎஸ்டி சேர்த்து.

அவருடைய பெரிய அற்புதத்துக்குப் பெயர் பிராண ஸ்தம்பனம்.

அது என்னவென்றால், டேட்டா சென்டரில் ஒரே இரும்புப் பெட்டிக்குள் பத்து இருபது கம்ப்யூட்டர்கள் மாயமாகக் குடியிருக்கும். இப்படிப்பட்ட நானூறு கம்ப்யூட்டர்களை மேய்ப்பதற்கு மேலாண்மை சர்வர் என்று ஒன்று உண்டு. அதன் மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும்போது அதை நிறுத்தியாக வேண்டும். அது நின்றதும் பாபா வலது கையை இறுக்கி மூடிக்கொள்வார். நானூறு கம்ப்யூட்டர்களின் பிராணனும் அந்தக் கைப்பிடிக்குள்! சுவரில் உள்ள பெரிய திரையில் ஒரே ஒரு புள்ளி சிவக்கும். மற்ற நானூறும் பச்சையாகவே மின்னும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

கட்டட வேலையில் மேஸ்திரி டீ குடிக்கப் போனால் கொத்தனார்கள் செத்து விழுவதில்லை. கையிலிருக்கும் வேலையைச் செய்துகொண்டுதான் இருப்பார்கள். புது உத்தரவு போட ஆள் இருக்காது, அவ்வளவுதான். மேலாண்மை சர்வரின் சங்கதியும் இதேதான். இது அந்த அறையிலிருந்த இன்ஜினியர்கள் பலருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை. அடுத்த மாதம் சம்பள உயர்வு.

வாசுகிக்கும் தெரியும். விருதுநகரிலிருந்து வந்து இன்னும் இரண்டு துர்கா பூஜைகூடப் பார்க்காத ஒப்பந்த ஊழியர் அவள். போன தடவை புதுப்பிக்கும் வேலை பாதியில் செத்துப் போனது. முகூர்த்தம் தப்பிவிடும் என்று மேனேஜர் திருவேங்கடம் அவசரப்படுத்தியதில் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்க முடியவில்லை. பேக்கப் என்கிற பின்பிரதியும் எடுக்கவில்லை. பிரதி எடுப்பது நம்பிக்கைக் குறைவு என்பது பாபாவின் வாக்கு. அந்த நானூறையும் வாடகைக்கு எடுத்திருந்த ஆஸ்பத்திரிக்காரர்கள், அவற்றுக்குப் புது உத்தரவு போட முடியாமல் மறுநாள் முழுக்கத் திண்டாடினார்கள். பாபா கண்ணை மூடிக் காரணம் கண்டுபிடித்தார். அறையில் மூல நட்சத்திரக்காரி ஒருத்தி இருந்தாளாம்.

வாசுகியின் நட்சத்திரம் மூலம் என்று பாபாவுக்கு எப்படித் தெரியும்? லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் கோவிலில் ஆபீஸ் பெயரில் அர்ச்சனை செய்ய, திருவேங்கடம்தான் எல்லோருடைய நட்சத்திரத்தையும் கேட்டு வாங்கியிருந்தார். ஞானதிருஷ்டிக்குத் தகவல் இப்படித்தான் போய்ச் சேருகிறது.

"உன்மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லம்மா," என்றார் திருவேங்கடம். அவர் கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவர், 'கேளு' என்பதைக்கூட வங்காளத்தில்தான் சொல்வார். "ஷோனோ, இன்னிக்கு வேலையை முடிச்சுக் குடு. நாளையிலேர்ந்து டீம்ல உன் பேர் இருக்காது. பாபா சொல்லிட்டார், நான் என்ன பண்றது?"

"இன்னிக்கு நான் உள்ள இருந்தா மட்டும் பரவாயில்லையா சார்?"

"அதுக்குப் பரிகாரம் இருக்கு. இடது கையில எலுமிச்சம்பழத்தைப் பிடிச்சுண்டு, வலது கையால டைப் அடி."

வாசுகிக்குக் கோபம் வந்தது, அதைவிட அழுகை வந்தது. ஒப்பந்த ஊழியருக்கு டீமில் பெயர் இல்லை என்றால் வேலையே இல்லை என்று அர்த்தம். எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டாள்.

மத்தியானம் பாபாவும் கூட்டமும் லுச்சியும் ஆலு தம்மும் சாப்பிடப் போனார்கள். இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்காரர்கள், பின்பிரதி இல்லாமல் எதிலும் கை வைக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். பழுதில்லாத பிரதி வேண்டுமானால் மேலாண்மை சர்வரை நிறுத்தித்தான் எடுக்க வேண்டும். வாசுகியும் பக்கத்து நாற்காலி இஸ்மாயிலும் நிறுத்தினார்கள். ஒரு புள்ளி சிவந்தது. நானூறு பச்சையாக இருந்தன. பிரதியை எடுத்து, டிஸ்க்கையும் காலி செய்து, சர்வரை மறுபடி எழுப்பினார்கள். இத்தனைக்கும் பாபாவின் கை அங்கே மிஷ்டி தோய் என்ற இனிப்புத் தயிரில் இருந்தது.

"வாசுகி, இத அப்படியே எல்லாருக்கும் காமிச்சிட்டா என்ன?" என்றான் இஸ்மாயில்.

"சொன்னா எவன் நம்புவான்? அவரே காட்டட்டும்."

பாபா ஏப்பத்தோடு திரும்பி வந்து புலித்தோல் அச்சிட்ட பாயில் அமர்ந்தார். வாசுகி எழுந்து நின்றாள்.

"பாபா, நிறுத்தும்போது நான் வாயால சொல்ல மாட்டேன். பிராணன் போற நேரம் உங்களுக்கே தெரியுமே. திரை வெளிச்சம் தியானத்துக்கு இடைஞ்சல், மூடிடட்டுமா?"

பாபாவின் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் திருவேங்கடம் பக்திப் பரவசத்தில் முந்திக்கொண்டார். "பேஷா மூடு! பாபாவுக்குத் திரை எதுக்கு?" பாபாவுக்குப் போர்த்திய பொன்னாடையையே உருவித் திரைமேல் போட்டார்.

வாசுகி படபடவென்று தட்டினாள். தன் பெயரைத்தான் திரும்பத் திரும்ப அடித்தாள். பிறகு 'டக்'கென்று ஒரு தட்டுத் தட்டிக் கையை எடுத்தாள்.

பாபாவின் உடம்பு தூக்கிப் போட்டது. கை இறுகியது. "போச்சு! மூச்சு நின்னுடுத்து! நானூறு உயிரும் என் கையில துடிக்கறது! யாரும் பேசாதீங்கோ!" வேர்த்துக் கொட்டியது. பின்வரிசை மேனேஜர் ஒருவர் விசிறிவிட்டார். இன்னொருவர் தேம்பினார்.

வாசுகி அவசரப்படவில்லை. கொஞ்ச நேரம் துடிக்க விட்டாள். அப்புறம் போய்ப் பொன்னாடையை இழுத்தாள்.

திரையில் ஒரு சிவப்புகூட இல்லை.

"இன்னும் நிறுத்தவே இல்ல பாபா," என்றாள். "நிறுத்தினது மத்தியானம், நீங்க ரெண்டாந்தடவை லுச்சி கேட்டப்போ."

இஸ்மாயில் மத்தியானப் பதிவைத் திரையில் போட்டான். சர்வர் நின்றிருந்த நேரம் முழுக்க நானூறும் ஓடியிருந்தன. "ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு போன்கூட வரல சார்," என்றான்.

"மூலம்! அவ நட்சத்திரம் என் திருஷ்டியை மறைக்கறது!" என்று கத்தினார் பாபா.

"சரி பாபா. இப்ப நிஜமாவே நிறுத்தறேன். எல்லாரும் பாத்துக்கங்க." அவள் தட்டினாள். புள்ளி சிவந்தது. "கையைத் திறங்க."

"ஐயோ, திறக்காதீங்கோ!" என்று அலறினார் திருவேங்கடம். "நானூறு போயிடும்! என் வேலையும் போயிடும்!"

"திறங்க பாபா."

பாபா திறக்கவில்லை. கையை மூடியபடியே எழுந்தார். மூடியபடியே வாசலுக்கு நடந்தார். குவியலில் தன் செருப்பைத் தேட ஒரு கை போதவில்லை. திறந்தார்.

திருவேங்கடம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து திரையைப் பார்த்தார். நானூறும் பச்சை.

ராகு காலம் பிறந்திருந்தது. வாசுகி எலுமிச்சம்பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் வேலை செய்தாள். பழைய சர்வரைத் தொடாமல் பக்கத்தில் புதியதை எழுப்பி, விவரங்களை அதற்கு மாற்றி, சரிபார்த்தாள். சிவந்த புள்ளி பச்சையானது.

திருவேங்கடம் தொண்டையைச் செருமினார். "உன் பேர் டீம்லயே இருக்கட்டும்மா. ஆனா ஒரு சந்தேகம். உன் நட்சத்திரம் நிஜமாவே மூலம்தானா?"

"மூலம்தான் சார். போன தடவையும் மூலம், இந்தத் தடவையும் மூலம். டிஸ்க்லதான் அப்ப இடம் இல்ல, இப்ப இருக்கு."

வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மேனேஜர்கள், பாராநகர் பக்கம் வேறொரு பாபா இருக்கிறாராமே, அவராவது அசல்தானா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அதையும் நல்ல நேரம் பார்த்துத்தான் விசாரிப்பார்கள். ஐயா, யோசிப்பதற்கு மட்டும் முகூர்த்தம் தேவையில்லை. ராகு காலத்திலும் யோசிக்கலாம். ஒருமுறை செய்து பாருங்கள்.