பெண் பார்க்க வந்தவர்கள் இருமிக்கொண்டே போன விவரம்

மதிப்பிற்குரிய மச்சான் சண்முகசுந்தரம் அவர்களுக்கு, அம்பத்தூர் பழைய இரும்புக் கடை திருமுருகன் வணக்கத்துடன் எழுதுவது.

நீங்கள் சொல்லி அனுப்பிய அயனம்பாக்கம் வரன் வீட்டார் போன மாதம் நம் பவ்யாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜியைத் தொடாமல் இருமிக்கொண்டே போய்விட்டார்கள். மற்றபடி இங்கு எல்லோரும் சுகம்.

அன்று காலையில்தான் ஒரு லோடு பழைய வயர் வந்து இறங்கியது. சரக்கைச் சும்மா போட்டு வைத்தால் எனக்குச் சோறு இறங்காது, உங்களுக்கே தெரியும். உள்ளே இருக்கிற செம்பை எடுக்க வீட்டுப் பின்பக்கம் கொளுத்திவிட்டேன், அவங்க வர்றதுக்குள்ள எரிஞ்சி முடிஞ்சிடும்னு ஒரு கணக்கு. காற்று திரும்பும் என்று யார் கண்டது? கரும்புகை மொத்தமும் ஹாலுக்குள் புகுந்து, மாப்பிள்ளையின் அம்மா கஸ்தூரிக்கு இழுப்பு வந்துவிட்டது. நான் விசிறி தேட, உங்கள் தங்கச்சி ராணி சோடா தேட, பவ்யா பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு இடுப்பிலிருந்து இன்ஹேலரை எடுத்து நீட்டினாள்.

மூச்சு வந்ததும் அந்த அம்மா, "உனக்கும் இருக்காம்மா?" என்றார்.

"நைனா வயர் கொளுத்துற நாள்ல மட்டும் ஆன்ட்டி."

நாம் இருவரும் மறைத்து வைத்த விஷயம் மச்சான்! மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, "பொண்ணைப் புடிச்சிருக்கு சார். ஆனா தலை தீபாவளிக்கு இந்த வீட்டுக்கு எங்க பையனை எப்படி அனுப்புறது?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டினார்.

ராணி என்னை விடவில்லை. "இன்னா மனுசன்யா நீ? பொண்ணு மூச்ச எரிச்சி செம்பு எடுக்கறியா?"

வேறு வழியில்லாமல் வயர் உரிக்கிற மெஷின் வாங்கினேன். நம்ப மாட்டீர்கள், இந்த ஒரு மாதத்தில் இன்ஹேலரை எங்கே வைத்தாள் என்பதே பவ்யாவுக்கு மறந்துவிட்டது. ராணியின் விடியற்கால இருமல் நின்றதில், என்னை எழுப்ப ஆளில்லாமல் கடை திறக்கத் தாமதமாகிறது. தினமும் என் வம்சத்தையே திட்டிய எதிர் வீட்டு எல்லம்மா, "அண்ணாத்தே, எங்க ஊட்டு பசங்க லீவு போடாம ஸ்கூலுக்குப் போவுதுங்க" என்று மீன் குழம்பு கொடுத்தனுப்புகிறாள். வயிற்றெரிச்சல் என்னவென்றால், எரித்த செம்பைவிட உரித்த செம்புக்கு விலை கூட. இத்தனை வருஷமா லாபத்தையும் சேர்த்துக் கொளுத்திக்கினு இருந்திருக்கேன், ஒரு பய சொல்லல.

ஆகவே நீங்கள் உடனே அயனம்பாக்கம் போய், இங்கே காற்று சுத்தமாகிவிட்டது, மறுபடி வந்து பஜ்ஜி சாப்பிடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்க வேண்டும். முருகன் உங்கள் வீட்டார் அனைவருக்கும் நெஞ்சில் சளியில்லாத ஆயுளைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
திருமுருகன்

பி.கு.: போக வேண்டாம். கவரை ஒட்டும்போது பவ்யா சொல்கிறாள், அவளும் மாப்பிள்ளை வெங்கட்டும் அன்றிலிருந்தே போனில் பேசிக்கினு கீறாங்களாம். கஸ்தூரி அம்மா வெள்ளிக்கிழமைதோறும் வீடு நிறையச் சாம்பிராணி போடுபவராம். அதை நிறுத்தினால்தான் வருவேன் என்று என் மகள் அவர்களுக்கே நிபந்தனை போட்டு, சம்மதமும் வாங்கிவிட்டாள். முடிவானது இது: இங்கே வயர் எரிக்கக் கூடாது, அங்கே சாம்பிராணி போடக் கூடாது, முகூர்த்தத்தில் ஐயர் வளர்க்கும் ஓமத்தில் புகை வந்தால் அதற்குப் பொறுப்பு நீங்கள்.