ஓலைக்குப் பிறகு வாசித்த சீட்டு

காலை மணி ஒன்பது நாற்பத்திரண்டு. முதலில் கண்ணில் பட்டது, பாஸ்டர் ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டது. அவர் கையில் இருந்தது நான் எழுதிய ஜெப விண்ணப்பச் சீட்டு.

எங்களுடையது சித்தூரில் ஒரு பழைய மிஷன் சபை. அன்றுதான் எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு ஆட்சேபணை சொல்ல இன்னும் இரண்டு ஞாயிறு பாக்கி.

எனக்கு பைலோனிடல் சைனஸ். பிட்டப் பிளவின் மேல்முனையில் முடி தோலுக்குள் புகுந்து சீழ் வைக்கும் நோய். முந்தைய வருடம் சித்தூரில் கீறி விட்டார்கள், திரும்ப வந்தது. அடுத்து வரும் வியாழக்கிழமை திருப்பதியில் பெரிய ஆபரேஷன். அந்தப் பகுதியையே வெட்டி எடுத்து, பக்கத்துச் சதையை இழுத்து மூடித் தைப்பார்கள்.

"சரீர சுகவீனம்னு மட்டும் எழுதுடா" என்றாள் அம்மா. (ஆறு வருடம் பத்திரிகையில் சப்-எடிட்டராக இருந்தவனிடம்!) நோயின் பெயர், இடம், முன்பு கீறியது, ஆபரேஷன் நாள், சீழ் வடியும் துவாரங்களின் எண்ணிக்கை எல்லாம் எழுதினேன். எங்கள் எடிட்டர்கூட அதில் ஒரு சொல்லை வெட்டியிருக்க மாட்டார்.

பாஸ்டர் முழுதாகப் படித்தார். "மூன்று துவாரங்கள்" வரை. பிறகு, வழக்கம்போல, தமிழ் புரியாதவர்களுக்காகத் தெலுங்கில். நோய்க்குப் பெயர் கிடைக்காமல் தவித்து, "நடும் கிந்த... ரெண்டிட்டி மத்யலோ" என்றார். இடுப்புக்குக் கீழே, இரண்டுக்கும் நடுவில். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் உரக்க "ஸ்தோத்திரம்!" என்றார்.

ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தால், ஸ்டெல்லாவின் நைனா மறித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா தம்பி இது? ஒருக்கா அறுத்தும் திரும்ப வந்துச்சாமே. பொண்ணு குடுக்கற எடத்துல இத மறைச்சுக்கினு இருந்தியா?"

கல்யாணம் அங்கேயே நின்றுவிட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா சொன்னாள்:

"எங்க மறைச்சாரு நைனா? மைக்குல படிச்சாச்சு. அக்கா ஊட்டுக்காரருக்குச் சக்கரைன்னு தாலி கட்டி ஆறு மாசம் கழிச்சுதானே சொன்னாங்க? இவரு எத்தினி ஓட்டைன்னுகூட எழுதிக்கினு வந்திருக்காரு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். (கீழே சற்று அதிக நேரம்.)

"இதுக்கு மேல வேற எதுனா இருக்குதா?"

"இல்லைங்க மாமா. இருந்தா எழுதியிருப்பேன்."

அடுத்த இரண்டு ஓலைகளும் ஆட்சேபணையின்றி வாசிக்கப்பட்டன. ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் குப்புறக் கிடந்தேன். கல்யாணத்தில் உட்காரச் சொன்ன இடத்திலெல்லாம் நின்றேன். போட்டோக்களில் அது கம்பீரமாகத்தான் விழுந்திருக்கிறது.

நான் எழுதியவற்றில் திருத்தமே தேவைப்படாதது அந்தச் சீட்டுதான் என்று இன்றும் சொல்வேன். சபையில் யார் வீட்டில் மாப்பிள்ளை பேசினாலும், "சீட்டு எழுதி வாங்கிக்கினியா?" என்று மாமனார் கேட்கிறார்.

ஒன்பது வருடமாகிறது. புண் திரும்ப வரவில்லை. அந்த இடத்தில் முடி வளரவிடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. மாதம் இரண்டு முறை ஸ்டெல்லா மழித்து விடுகிறாள்.