அத்தை, இந்த மாசம் மட்டும் 'பாலிக் கம்பம்' வேணாம்

கிள்ளான், மலேசியா.

பாசத்துக்கும் மரியாதைக்கும் என் வீடியோ கால் எல்லாத்துக்கும் உரிய பவுனம்மா அத்தைக்கு, அண்ணன் மக தாமரை கும்பிட்டு எழுதுறது.

இங்க அப்பா, அம்மா, பிரவின் அண்ணன், அண்ணி, பாப்பா எல்லாரும் சௌக்கியம். தஞ்சாவூர்ல நீங்க சௌக்கியமான்னு கேக்கல, காலையிலதான் வீடியோ கால்ல பாத்தேன். மாமாவுக்குச் சளி. இப்ப சொல்லப் போறத வாட்ஸ்அப்ல சொன்னா நீங்க அழுதுக்கிட்டே வாய்ஸ் நோட் போடுவீங்க, நானும் அழுவேன், விஷயம் நடக்காது. அதான் ஒழுங்கா கடுதாசி.

இந்த மாசம் வராதீங்க அத்தை. கோவிக்காதீங்க, நான் உங்க நம்பர் ஒன் ஃபேன், நீங்க மீன் கழுவுற வீடியோவுக்கே ஹார்ட் போட்டவ. பிரச்சன ரூல்ஸ்தான் லா. இந்தியா பாஸ்போர்ட்டுக்கு விசா வேணாம், ஒரு தடவ வந்தா முப்பது நாள் வரைக்கும் இருக்கலாம், சரி. ஆனா அது ஊர் பாக்க, சொந்தக்காரங்கள பாக்க. போய்ட்டுப் போய்ட்டு உடனே வந்து நின்னா, 'இவங்க விருந்தாளியா, இல்ல இங்கயே குடியிருக்காங்களா'ன்னு கவுண்டர்ல சந்தேகம் வரும். வருஷத்துக்கு இத்தன தடவன்னு எங்கயாச்சும் போட்டிருக்கான்னு தேடித் தேடிப் பாத்தேன், கிடைக்கல. விடறதும் விடாததும் அந்த ஆபீசர் முடிவுதானாம். பாப்பா பொறந்ததுல இருந்து நீங்க மூணு தடவ வந்துட்டீங்க.

போன தடவ என்னாச்சு? பிரிக்பீல்ட்ஸ்ல வாங்குன மாலையோட நான் ஏர்போர்ட்ல நிக்கிறேன், உங்கள காணோம், உள்ள இருந்து எனக்கு கால் வருது. ஆபீசர் அக்கா எங்க போறீங்கன்னு கேட்டிருக்காங்க. அண்ணன் வீட்டுக்கு விருந்துன்னு சொன்னா முடிஞ்சுது. நீங்க, "பாலிக் கம்பம்!" சொந்த ஊருக்குத் திரும்புறீங்களாம்! கையில இந்தியா பாஸ்போர்ட், வாயில சுத்தமான காப்பார் மலாய்! நீங்க இங்க காப்பார்ல பொறந்து தஞ்சாவூருக்கு வாக்கப்பட்டுப் போனது எங்களுக்குத் தெரியும், அந்த அக்காவுக்கு எப்படித் தெரியும்? சரி, வந்து என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க. சும்மா உக்காந்து சாப்பிடுவேன்னு சொல்ல உங்க மானம் விடல. "சமைப்பேன், துவைப்பேன், புள்ளைய குளிப்பாட்டுவேன், நெறைய வேலை"ன்னு அடுக்கிட்டீங்க. அவங்க எனக்கு ஃபோன் போட்டு, "உங்க வீட்டு வேலைக்காரம்மாவுக்குப் பெர்மிட் எங்க?"ங்கிறாங்க. "கக்காக், அக்கா, அவங்க எங்க அத்தை, உக்காருங்கன்னா கேக்க மாட்டாங்க"ன்னு நான் கெஞ்சுறேன், பின்னாடி உங்க குரல்: "தாமரை, இந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சான்னு கேளுடி!" அவங்க சிரிச்சுட்டாங்க, விட்டாங்க.

அடுத்த ஆளு சிரிக்கலன்னா? அங்கயே திருப்பி அனுப்பிட்டா, அப்புறம் பாப்பாவ எப்போ தூக்குவீங்க? அதனால தீபாவளி வரைக்கும் பொறுங்க. அப்பாவே "பவுன வரவேணாம்னு எழுது"ன்னுட்டாரு. சொல்லிட்டு டிவியவே பாக்குறாரு. டிவி ஆன்ல இல்ல.

மாமாவ சுக்குத்தண்ணி குடிக்கச் சொல்லுங்க. உங்க ஆசீர்வாதத்த அங்க இருந்தே அனுப்புங்க, அதுக்கு இமிகிரேஷன் இல்ல.

இப்படிக்கு,
உங்க வாய்க்கு அடிமை,
தாமரை

பி.கு.: அத்தைஈஈ! இப்பதான் பாப்பா குப்புறக் கவுந்துட்டா! மொத தடவ! எல்லாரும் கத்துறோம், அப்பா மட்டும் "பவுனு பாக்கலையே"ன்னு ரூமுக்குள்ள போய்ட்டாரு. வெளிய வந்து பேங்க் கார்ட நீட்டுறாரு. தபால்ல போட்டா லேட்டாகும்னு இந்தக் கடுதாசிய ஃபோட்டோ புடிச்சே அனுப்புறேன்: வெள்ளிக்கிழம ஃபிளைட், போக வர டிக்கெட் போட்டாச்சு, அரைவல் கார்டு நான் ஆன்லைன்ல ரொப்பிடுறேன். குப்புற விழுந்த புள்ளைக்கு நீங்கதான் கொழுக்கட்டை செய்யணுமாம். ஆனா கவுண்டர்ல, அண்ணன் பேத்திய பாக்க வரேன், அவ்ளோதான். கொழுக்கட்டையப் பத்தி மூச்சு விடக்கூடாது!