பத்தாயிரமாவது ஆள்

கைதட்டல் கேட்டபோது சந்தேகம் சார் ஒரு கணக்கை முடக்கிவிட்டு, நிம்மதியாக டீயை வாய்க்குக் கொண்டுபோயிருந்தார்.

கூடத்துச் சுவரில் இருந்த பெரிய திரையில் 10,000 என்று மின்னியது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இரண்டு நொடி கழித்து அது 9,999 ஆனது. கைதட்டல் பாதியில் நின்றது.

டீ புரையேறியது. பதறிப்போய் முடக்கத்தை நீக்கினார். மறுபடியும் 10,000. மறுபடியும் கைதட்டினார்கள், ஆனால் முன்பிருந்த சுரத்து இல்லை.

மென்பொருள் செய்து விற்பவர்களுக்காக, வாங்குகிறவர்களிடம் இணையத்தில் பணம் வசூலித்துக் கொடுக்கிற கம்பெனி அது. ஒரு டயர் கடை மாடியில் இரண்டே அறையில் தொடங்கியது, இப்போது ஒரு தளம் முழுக்கப் பரவியிருந்தது. புதிதாகச் சேரும் விற்பனையாளர்கள் நிஜமான ஆட்கள்தானா என்று பார்ப்பது சந்தேகம் சாரின் வேலை. வீட்டில் பால் பாக்கெட்டின் தேதியையே வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவருக்குப் பொருத்தமான உத்தியோகம்தான். அலுவலகமே வைத்த பெயர் அவருக்கும் பழகிவிட்டது.

ஆனால் இந்த மாதம் அவருக்கு வேலையே வரவில்லை. வளர்ச்சி வேகத்தைக் கெடுக்க வேண்டாமென்று புதியவர்களை மேலிடமே நேராக உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. தன் நாற்காலிக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று அவருக்குத் தூக்கம் போயிற்று. கை சும்மா இருக்கவில்லையே என்று அன்று காலை ஒரே ஒரு கணக்கைத் திறந்து பார்த்தார். தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை. விற்கிற மென்பொருளோ இறக்கிப் பார்த்தால் திறக்கவே இல்லை. உடனே முடக்கினார். அது பத்தாயிரமாவது ஆள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பத்தாயிரம் பேர் சேர்ந்தால்தான் முதலீட்டாளர் அம்மா மேற்கொண்டு பணம் போடுவார். போடாவிட்டால் பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டுக் கடன் தவணை இன்னும் பதினைந்து வருஷம் பாக்கி இருக்கிற சந்தேகம் சார், அந்தப் பாதியில் முதல் ஆள் தானே என்று முடிவே செய்துவிட்டார்.

பதினொரு மணிக்கு அந்த அம்மா வந்தார். திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"அந்தப் பத்தாயிரமாவது ஆளை நான் பாக்கணுமே. அவரு கையைக் குலுக்கிட்டுக் கையெழுத்துப் போடுறேன்."

முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அவரு ரொம்ப தூரத்துல இருக்காரும்மா."

"தூரமெல்லாம் இல்ல சார்!" காலையில் செய்த தப்புக்குப் பரிகாரம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் சந்தேகம் சார் முன்னால் வந்தார். "நம்ம ஊர்தான். முகவரி எங்கிட்ட இருக்கு."

முதலாளி அவர் காலை மிதித்தார். தெரியாமல் மிதித்துவிட்டார் போல என்று சந்தேகம் சார் காலைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

"நாலு மணிக்குக் கூட்டிட்டு வந்துடுறேன் மேடம்."

வராந்தாவில் முதலாளி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "யோவ், அவரு வரமாட்டாருய்யா."

"கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வரேன் சார்."

"உனக்கு எதுக்குய்யா இந்த வேண்டாத வேலை?"

வேலை என்ற சொல் காதில் விழுந்ததுமே தன் வேலைக்குத்தான் உலை வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். வண்டி பிடித்து ஓடினார்.

முகவரியில், ஒரு சலவைக் கடைக்கும் பல் டாக்டர் கிளினிக்குக்கும் நடுவே, பூட்டிய கார் ஷெட் ஒன்று இருந்தது. கிளினிக்கில் சீட்டு எழுதுகிற பெண் எட்டிப் பார்த்தாள்.

"அங்க ஆளு யாரும் இல்லீங்க. ராத்திரியில கார் நிக்கும், அவ்வளவுதான்."

வேறு யாராவது இருந்தால் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பார்கள். சந்தேகம் சாரோ, பெரிய மென்பொருள்காரர்கள் எல்லாம் கார் ஷெட்டில்தான் தொடங்குகிறார்கள் என்று எங்கோ படித்திருந்தார். மரியாதையோடு வாசலில் காத்திருந்தார். மூன்று மணிவரை ஒரு பூனை மட்டும் வந்துபோயிற்று.

வீட்டுக்கு போன் போட்டார். "உன் தம்பி என்ன பண்றான்?"

"தூங்குறான். எழுப்பித் திட்டணுமா?" என்றாள் மனைவி.

"எழுப்பி நல்ல சட்டையா போடச் சொல்லு."

எட்டு மாதமாக வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு சோபாவைத் தேய்த்துக்கொண்டிருந்த மைத்துனன், வண்டியில் ஏறியதுமே கொட்டாவி விட்டான். காலையில் கணக்கை முடக்கித் திறந்ததையும், இந்த மாதம் சரிபார்க்காமலே நூறு பேரை உள்ளே விட்டதையும் சந்தேகம் சார் அவனிடம் புலம்பித் தீர்த்தார்.

"என் சாஃப்ட்வேர் என்ன பண்ணும் அத்தான்?"

"தெரியாதுடா. கேள்வி கேட்டா சிரி. மறுபடியும் கேட்டா தண்ணி கேளு. வாயை மட்டும் திறந்துடாத, என் பொழப்பே உன் வாயிலதான் இருக்கு."

நாலு மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. சந்தேகம் சார், "இவர்தான் மேடம்" என்று மைத்துனனை முன்னால் தள்ளினார். முதலாளி எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை. இவருக்கு நிஜ ஆளைத் தெரியும் போலிருக்கிறதே என்று சந்தேகம் சார் மைத்துனனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

அந்த அம்மா மைத்துனனின் கையைக் குலுக்கினார். "எங்ககிட்ட உங்களுக்கு என்ன பிடிச்சுது?"

மைத்துனன் சிரித்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். எட்டு மாதமாக யாரும் அவனை எதுவும் கேட்டதில்லை.

"காலையில என் கணக்கை முடக்கினாங்க மேடம். ஒரு நிமிஷத்துல திறந்துட்டாங்க. இந்த மாதிரி கண்டிப்பும் மனசும் எங்க கிடைக்கும்? என்னை மாதிரி இந்த மாசம் நூறு பேர் சேர்ந்திருக்கோம். எல்லாரும் கூட்டாளிங்க. தினமும் உங்க கம்பெனிப் பேச்சுதான்."

"தண்ணி வேணுமா, தண்ணி?" என்று கத்தினார் சந்தேகம் சார்.

காதிலேயே வாங்காமல் அந்த அம்மா பேனாவை மூடினார். "அப்போ அந்த நூறு பேரையும் நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு வரச் சொல்லுங்க. எல்லார் கையையும் குலுக்கிட்டே கையெழுத்துப் போடுறேன்."

முதலாளி யாரையும் பார்க்காமல் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒருத்தனுக்கே இந்தப் பாடு. நூறு பேருக்கு எங்கே போவது? சந்தேகம் சாருக்கு அழுகையே வந்துவிட்டது. இனி மறைத்துப் பயனில்லை, உண்மையைச் சொல்லிவிட்டு ராஜினாமாவையும் கொடுத்துவிடலாம் என்று அந்த அறைக்கு நடந்தார். வாசலில் முதலாளியின் கார் டிரைவர் நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள விடுங்க. நான் கூட்டிட்டு வந்த ஆளு பத்தாயிரமாவது ஆளே இல்ல. அதை முதலாளிகிட்ட சொல்லியாகணும்."

டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தெரியும் சார், அது நான்தான், மத்த தொண்ணூத்தொன்பது பேரையும் முதலாளி கார் பின்சீட்டுல உக்காந்தே உருவாக்கினாரு, அதான் உங்க வீட்டுல இன்னும் ஆளு தேறுமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."