கண்ணாடிக் கடைக்காரர் கோபுரம் ஏறிய படலம்

வாழி! விழிக்குறை தீர்க்கும் வேந்தே, வாழி! கிட்டப்பார்வைக்கும் தூரப்பார்வைக்கும் நடுவே நின்று மங்கிய உலகைத் துலக்கிக் காட்டும் மூக்குக்கண்ணாடிக் கடையின் முடிசூடா மன்னே, வாழி! சுவரில் எழுத்துப் பலகை தொங்க, கையில் பிரம்பு மின்ன, முதியோர் இளையோர் எவராயினும் "மேல் வரியிலேருந்து படிங்க" என்னும் ஒற்றை ஆணையால் வியர்க்கவைக்கும் கோமானே, நின் வெற்றியைப் பாடத் துணிந்தேன். உப்புக் காற்றே, சற்று ஒதுங்கி நில். பழங்கல்லே, நீயே சாட்சி. என் சொல்லில் மிகையிருந்தால் பொறுத்தருள்க. மிகையை எடுத்துவிட்டால் இந்தக் கதையில் வேறொன்றும் மிஞ்சாது.

கடலை முட்டிக்கொண்டு நிற்கிறது அக்கோட்டை. நால்வகைப் படையும் எண்ணற்ற கலங்களும் வந்து மோதியும் ஒருநாளும் பணியாத, அலை அறைந்து அறைந்து அலையே அலுத்துப்போன, பீரங்கி வாய்களில் இன்று புறாக்கள் குடித்தனம் நடத்துகிற மாமதில் அது. அதன் காலடியில் ஊர்: செங்குத்தாய் இறங்கும் கல்சந்துகள், வலை காயும் சுவர்கள், சங்கும் சிப்பியும் விற்கும் கடைகள். அவ்வூரில் அன்று காலைமுதல் நம் வீரர் கண்ட தோல்விகளை எந்நாவால் உரைப்பேன்! பேருந்தின் சன்னலோர இருக்கையை யாரோ ஒரு மாணவிக்கு ஈந்தார். துறைமுகம் தெரியும் தேநீர்க்கடை மேசையைப் பின்னால் வந்த கூட்டத்துக்குத் தாரை வார்த்தார். மனைவி கைவைத்த கடைசி ஓலைத்தொப்பியையும் "பரவாயில்ல, நீங்க எடுத்துக்கோங்க" என்று ஓர் அந்நியரின் தலையில் சூட்டிவிட்டு வந்தார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த இல்லத்தரசி, தொப்பியில்லாத தலை வெயிலில் காய, கோட்டை வாசலில் நின்று முழங்கினார்: "ஊருக்கெல்லாம் வழி விட்டு வழி விட்டே நாம ஓரமாப் போய்ட்டோம். இந்தக் கோபுரத்து மேலேருந்து கடலப் பாக்கணும்னு கல்யாணமான நாள்லேருந்து சொல்லிட்டிருக்கேன். இதுக்காவது யாருக்கும் வழி விடாம கூட்டிட்டுப் போவீங்களா?"

சுருக்கென்று தைத்தது சொல். மீசையில்லா மேலுதட்டை நீவிக்கொண்டு வீரர் வஞ்சினம் உரைத்தார்: "இன்னிக்கு எதுத்தாப்புல எவன் வந்தாலும் சரி, ஒரு படி எறங்க மாட்டேன்!" உரைத்த வேகத்தில், படிக்கட்டின் வாயிலில் சாய்த்து வைத்திருந்த தகரப் பலகையை ஏறெடுத்தும் பாராமல் தாண்டிக் கோபுரத்தினுள் புகுந்தார். பின்னே மனைவி, கைப்பை, தண்ணீர்ப் போத்தல், கடற்காற்றில் விரிக்க முடியாத குடை ஆகிய பெரும்படை புகுந்தது.

சங்கின் வயிறுபோலச் சுருண்டு சுருண்டு ஏறும் இருட்படிகள் அவை. ஒருவர் ஏறினாலே இருபுறச் சுவரும் தோளை உரசும். பகைவர் கூட்டம் திரண்டு ஏறாதபடி, ஒற்றை வீரன் நின்று காக்கவென்றே அக்காலத்துக் கொத்தனார்கள் அப்படிக் கட்டியிருந்தார்கள். பாதி உயரத்தில், மூச்சு இரைக்க, முழங்கால்கள் முறையிட, வீரர் நிமிர்ந்து நோக்கினார். அந்தோ! மேலிருந்து, தொந்தி முன்னே வர ஆள் பின்னே வர, ஒரு லாரி ஓட்டுநர் இறங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி.

நின்றார் இவர். நின்றார் அவர். மலையும் மலையும் எதிர்நின்றாற்போல் என்று பாடத்தான் ஆசை. உண்மையில் சந்துக்குள் இரண்டு மாடுகள் மாட்டிக்கொண்டதுபோலத்தான் இருந்தது.

"சார், மேல வந்து..." என்று தொடங்கினார் ஓட்டுநர்.

"மேலதான் போறோம்! வழி விடுங்க!" என்று இடித்துரைத்தார் வீரர்.

"அது இல்ல சார், அங்க..."

"அங்க இங்கங்கற பேச்சே வேணாம்! காலைலேருந்து எல்லாருக்கும் விட்டாச்சு. இனி முடியாது!"

"அப்படிச் சொல்லுங்க!" என்று கீழிருந்து எழுந்தது மனைவியின் குரல். இத்தனை ஆண்டு இல்லறத்தில் அவர் செவி ஒருமுறையும் கேளாத சொல் அது. நெஞ்சு விம்மியது, மூக்கின் மேலிருந்த கண்ணாடியே பனித்துவிட்டது. அந்தக் கணத்தில் உலகில் அவரைவிட மகிழ்ச்சியான மனிதர் எவரும் இல்லை.

ஓட்டுநர் மூன்றாம் முறை வாய் திறந்தார். வீரர் சுட்டுவிரலை உயர்த்தினார். வாய் மூடிற்று. "சொன்னா கேக்குற ஆளு இல்ல. ரிவர்ஸ் எடுக்கறேன், பாத்துச் சொல்லு" என்றார் ஓட்டுநர் தம் மனைவியிடம். திரும்ப இடமில்லை. ஆதலால், புறமுதுகு காட்டாமலே பின்வாங்கிய படை என்னும் அரும்பெருமை எய்தி, முகம் நம் வீரரை நோக்கியபடியே, குதிகாலால் படி தேடித் தேடி, "வரலாம், வரலாம், லெஃப்டுல ஒடிங்க, இன்னும் வாங்க" என்று அந்த அம்மாள் மேலிருந்து குரல் கொடுக்கக் கொடுக்க, சுற்றுச் சுற்றாய் அவர் பின்னேற, விடாது நெருக்கி, வழிந்த வியர்வையைத் துடைக்கவும் நில்லாது முன்னேறினார் வீரர். வேந்தர் பலர் வந்து வெறுங்கையோடு மீண்ட அக்கோட்டையை, ஒரு துளி குருதி சிந்தாமல், சட்டைப் பித்தான் ஒன்றை மட்டும் பலிகொடுத்து வென்றார் எம் கண்ணாடிக் கடைக்காரர்!

உச்சியில் நால்வர் நெருக்கி நிற்க இடமிருந்தது, ஒருவரை ஒருவர் தாண்டிப் படிக்குப் போக இடமில்லை. வீரர் மரக்கதவைத் தள்ளினார். தோள் கொடுத்துத் தள்ளினார். தேங்காயளவு பூட்டு ஒன்று ஆடி நின்றது.

"அதத்தான் சார் சொல்ல வந்தேன்" என்றார் ஓட்டுநர். "நாங்களும் தெரியாமத்தான் ஏறிட்டோம்."

கதவிடுக்கில் விரலளவு நீலம் தெரிந்தது. இல்லத்தரசி, கடைக்குக் கண் சோதனைக்கு வருவோரைப்போல் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, மறுகண்ணால் நெடுநேரம் அதையே பார்த்தார். பிறகு, "அவங்க எறங்கணும். வழி விடுங்க" என்றார்.

வழிவிட வேண்டுமென்றால் முதலில் தாம் இறங்க வேண்டும். இறங்கினார் வீரர். அடிவாரத்தில் மனைவி அந்தத் தகரப் பலகையின் முன் அவரை நிறுத்தி, குடைநுனியால் அதைத் தொட்டுக் காட்டினார்.

"மேல் வரியிலேருந்து படிங்க."

மராமத்து வேலை நடக்கிறது, மேலே போக முடியாது என்று எழுதியிருந்தது.