தலைமாட்டில் ஒரு பிளக்

“தலைமாட்டுல பிளக் எங்க?” என்று மாமியார் ஒலிந்தா கேட்டபோதுதான் லீனோ சுவரை உற்றுப் பார்த்தான். மாமியாருக்காகக் கட்டிய புது அறையில், முந்தின நாள் பூசிய சுவர். உரித்த முட்டை போல வழவழவென்று இருந்தது. பிளக் பாயின்ட் மட்டும் இல்லை.

“எலெக்ட்ரீஷியன் பிளக் பெட்டி வெச்சிட்டுப் போனானே!” என்றாள் மனைவி நத்தாலியா. “மேஸ்திரி டுவார்ட்டே பலகை அடிக்கும்போது மறந்துபோய் மூடிட்டாரு போல. அதுமேலயே பூசியும் வெச்சிருக்காரு.”

“ராத்திரி எனக்கு மூச்சு மிஷின் ஓடணுமே.” ஒலிந்தா பெருமூச்சு விட்டாள். “பரவால்லம்மா. நான் என் மூணாவது மாடி வீட்டுலயே இருந்துக்கறேன்.”

“எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்துக்கலாமே அத்தை?” என்றான் லீனோ.

“மிஷினுக்கு அது கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு மாப்ள.”

“யாரும் ஒண்ணும் யோசிக்க வேணாம்,” என்றாள் நத்தாலியா. “நாளைக்குப் பன்னண்டு மணிக்கு டுவார்ட்டே வந்து சுவத்தை வெட்டித் திறப்பாரு. சனிக்கிழமை நீ இங்க வர்றே. அவ்வளவுதான்.”

“நாளைக்கேவா?” என்று பதறினான் லீனோ.

காரணம் சுவருக்குள் இருந்தது. புது அறை கட்டினால், பலகை அடித்து மூடுவதற்கு முன், வீட்டார் சுவருக்குள் நிற்கும் மரச்சட்டங்களில் ஆளுக்கொரு வரி எழுதிப் பெயர் போடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். எப்படியும் மூடப்போகிற சுவர்தானே என்ற தைரியத்தில், சரியாக அந்த பிளக் பெட்டிக்குப் பக்கத்துச் சட்டத்தில், தடித்த பென்சிலால் லீனோ எழுதியிருந்தான்: ‘ஆண்டவரே, மூன்றே மாதத்தில் அத்தைக்கு இந்த அறை சலித்துப்போகட்டும். ஆமென். இப்படிக்கு, லீனோ.’

நத்தாலியா அதைப் படித்தால், மூன்று மாதத்தில் வீட்டைவிட்டுப் போவது அத்தையாக இருக்காது.

மறுநாள் காலை, தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஒன்பதரைக்கெல்லாம் வீடு திரும்பினான். நத்தாலியா பல் மருத்துவமனைக்கு வேலைக்குப் போயிருந்தாள். கையில் ரம்பம். டுவார்ட்டே வருவதற்குள் தானே பெட்டியைத் திறந்து, எழுத்தைத் தேய்த்து அழித்துவிடுவது என்று தீர்மானம்.

ஜன்னலிலிருந்து நான்கு அடி என்று ஞாபகம். முழங்கால் உயரத்தில் வெட்டினான். குளிர் தாங்க உள்ளே அடைத்திருந்த பஞ்சுதான் வந்தது.

“சரி, அப்போ அஞ்சு அடி,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மீண்டும் வெட்டினான். இந்த முறை ரம்பம் தாராளமாகப் போனது. ரொம்பத் தாராளமாக. சமையலறையில் ஏதோ சரசரவென்று கொட்டும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், அலமாரியில் சர்க்கரைப் பொட்டலத்தின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு ரம்பத்தின் நுனி எட்டிப் பார்த்தது.

மூன்றாவது ஓட்டையில் எழுத்து தெரிந்தது. ஆவலோடு டார்ச் அடித்தான். நத்தாலியாவின் கையெழுத்து: ‘அம்மா, நூறு வயது வரை இங்கேயே இரு.’

“விடமாட்டேன்,” என்று பல்லைக் கடித்தான்.

நான்காவது ஓட்டையில் சிக்கியது. ஒரு பக்கம் பிளக் பெட்டி, மறுபக்கம் அவன் ஜெபம். உப்புத்தாளால் தேய்த்தான், ஆமென் வரைக்கும். சட்டம் புதுமரம் போல வெளுத்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு பிளக்கை இணைத்து, மூடி போட்டு, மின்சாரத்தைத் திரும்பப் போட்டு, சோதனைக்கு விளக்கைச் செருகிப் பார்த்தான். எரிந்தது. மணி பதினொன்று.

இனி மீதி மூன்று ஓட்டைகள். பலகைத் துண்டுகளைத் திரும்பப் பொருத்திப் பூச வேண்டியதுதான். டுவார்ட்டே விட்டுப்போயிருந்த சாந்து மூட்டையைப் பிரித்தான். நன்றாகக் கரையட்டும் என்று வெந்நீர் ஊற்றினான். முதல் ஓட்டையைப் பூசிவிட்டுத் திரும்புவதற்குள் வாளியில் சாந்து கல்லாகிவிட்டது. நடுவே பூச்சுக் கரணை கொடிக்கம்பம் போல நின்றது. இழுத்தால் வாளியும் கூடவே வந்தது.

வாசலில் கார் சத்தம்.

கையில் கிடைத்த படங்களை எடுத்து, டேப் ஒட்டி மூன்று ஓட்டைகளின் மேலும் மாட்டினான்: ஃபாத்திமா மாதா, கல்யாணப் போட்டோ, போன வருஷத்துக் காலண்டர்.

மதிய இடைவேளைக்கு வந்த நத்தாலியா, ஒலிந்தா, டுவார்ட்டே மூவரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். டுவார்ட்டே இனிப்பு ரொட்டி ஒன்றைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

“முழங்கால் உயரத்துல யாராவது மாதா படம் மாட்டுவாங்களா?” என்றாள் நத்தாலியா.

“மண்டி போட்டு ஜெபம் பண்ணா நேராத் தெரியும்ல?”

“காலண்டர்?”

“அது... மண்டி போட்ட தேதி தெரிய.”

அந்த நேரம் பார்த்து ஈரச் சாந்தோடு மாதா படம் நழுவியது. பின்னால் மற்ற இரண்டும். நத்தாலியா ஒவ்வொரு ஓட்டையாகக் குனிந்து பார்த்தாள்.

“சுவத்துக்கு அம்மை போட்ட மாதிரி ஆக்கி வெச்சிருக்கே! எதுக்குடா இதெல்லாம்?”

லீனோ நகர்ந்து நின்று நான்காவது இடத்தைக் காட்டினான். புதுப் பிளக்கில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நத்தாலியாவின் முகம் அப்படியே மாறியது. “நீயேவா பண்ணே? எங்கம்மாவுக்காகவா?” என்று, சாந்து ஒட்டிய சட்டையோடு நின்றவனைக் கட்டிக்கொண்டாள். “பாத்தியாம்மா? மூணு தடவை தப்பாப் போயும் விடலை. உன் மாப்ளைக்கு உன்மேல எவ்வளவு பாசம்! சனிக்கிழமை எதுக்கு, இன்னைக்கே உன் சாமானைக் கொண்டாந்துடலாம், வா!”

ஒலிந்தா எரியும் விளக்கையே பார்த்தாள். பிறகு லீனோவைப் பார்த்தாள். பாசமான பார்வை என்று சொல்ல முடியாது.

“இன்னைக்கு வியாழக்கிழமை. எனக்கு பிங்கோ ஆட்டம் இருக்கு,” என்றாள் மெல்ல. மகள் அதைக் காதில் வாங்காமல் அவள் கையைப் பிடித்துக் காருக்கு அழைத்துப் போனாள்.

லீனோ வியர்வையைத் துடைத்துக்கொண்டான். மானம் தப்பியது. “ஒரு பிளக்கை மறந்துட்டு என்னை இந்தப் பாடு படுத்திட்டீங்களே அண்ணே!”

டுவார்ட்டே கடைசித் துண்டு ரொட்டியை விழுங்கினார்.

“நான் எங்க தம்பி மறந்தேன்? ‘மூணாவது மாடியை விட்டு வர எனக்கு இஷ்டமில்ல, பொண்ணுகிட்ட சொல்லவும் பயமா இருக்கு, அந்த பிளக்கை மூடிடு’ன்னு ரெண்டு ரொட்டி சுட்டுக் குடுத்ததே உன் அத்தைதான்!”