உருளி குடுத்தது யார்?

இந்த வருஷம் பொங்கலுக்குப் பரண் பாத்திரங்களை நான் இறக்கப் போவதில்லை. மார்கழி பிறந்த அன்றைக்கே இந்த முடிவை எடுத்துவிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது முடிவாக இருக்காது, பேச்சுவார்த்தை ஆகிவிடும். எங்கள் வீட்டுப் பேச்சுவார்த்தையில் பேச்சு கோமுவுடையது. வார்த்தை வராமல் நிற்பது நான்.

விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் வீட்டுப் பரணைப் பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். கோமு கல்யாணத்துக்கு வந்த பித்தளையும் வெண்கலமும் அத்தனையும் அங்கேதான் இருக்கின்றன. அவள் சொந்தக்காரர்கள் ஒருவர்கூட மொய்க் கவரோடு வரவில்லை. எல்லோரும் பாத்திரத்தோடு வந்தார்கள். அதுவும் சும்மா வரவில்லை, அதன் அடிவயிற்றில் தங்கள் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டிக்கொண்டு வந்தார்கள். வருஷத்துக்கு ஒருதடவை வெள்ளையடிப்புக்காக அவர்கள் எல்லோரையும் நான் தோளில் சுமந்து இறக்க வேண்டும், துலக்க வேண்டும், மறுபடி ஏற்ற வேண்டும்.

“செவ்வாய்க்கிழமை வெள்ளையடிக்க ஆள் வருது. ஞாயித்துக்கிழமை பரணை ஒழிச்சிருங்க. அதுல ஒண்ணு எனக்குப் பொங்கல் வைக்கவும் வேணும்” என்றாள் கோமு.

ஞாயிற்றுக்கிழமைதான் இடித்தது. அன்றைக்குத்தான் என் சேக்காளி செந்தூர்பாண்டி வேனை எடுத்துக்கொண்டு பாபநாசத்துக்கு மேலே அருவிக்குப் போகிறான். மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்திருக்கிற நேரம். அருவிக்கு அடியில் போய் நின்றால் கழுத்து, முதுகு, ஆபீஸ், அதிகாரி எல்லாம் கழன்று ஓடிவிடும். ஒரு வருஷமாக அந்தக் குளியலுக்காக ஏங்கிக்கொண்டு இருக்கிறேன். ஒரு பக்கம் அருவி, இன்னொரு பக்கம் அண்டா. நான் என்ன செய்வேன்?

யோசித்தேன். யோசிப்பது எனக்குப் புதிது இல்லை. பகலில் அம்பாசமுத்திரத்தில் அரசு அலுவலக உதவியாளரான இதே அம்மையப்பன்தான், சாயங்காலத்தில் ஒரு சிறுவர் பத்திரிகைக்குப் புதையல் கதை எழுதுகிறான். என் கதைகளில் பிள்ளைகள் விடுகதைக்கு விடை சொல்வார்கள், குகைக்குள் இறங்குவார்கள், பாண்டியன் காலத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே வருவார்கள். வாசகர் கடிதங்களில் என்னை மூளைக்காரர் என்று எழுதுகிறார்கள். கோமு மட்டும் ஒத்துக்கொள்வதில்லை.

“ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் புதையல் எடுத்துக் குடுக்கிய. உங்க பைக் சாவியை என்னைக்காவது நீங்களாத் தேடி எடுத்திருக்கியளா?” என்பாள்.

இருக்கட்டும். அந்த மூளைதான் எனக்கு வழி காட்டியது. பிள்ளைகளிடம் பாத்திரத்தை இறக்கு, துலக்கு என்றால் ஓடிவிடுவார்கள். புதையல் வேட்டை என்றால் ஓடி வருவார்கள். பரணில் இருக்கும் பாத்திரத்தைப் பற்றி ஒரு விடுகதை. அந்தப் பாத்திரத்தைக் கொடுத்தவர் பெயர்தான் விடை. அவர் வீட்டுக்குப் போனால் அடுத்த விடுகதை கிடைக்கும். பெயரைப் படிக்க வேண்டுமென்றால் பாத்திரத்தை இறக்க வேண்டும். ஒரு வருஷக் களிம்பு ஏறிய பாத்திரத்தில் பெயர் தெரிய வேண்டுமென்றால் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் பிள்ளைகள் எல்லாவற்றையுமே இறக்கிவிடுவார்கள். நான் அருவியில் நனைந்துவிட்டு வருவதற்குள் பரண் காலி, பாத்திரம் பளபள. என்னை நானே தட்டிக்கொடுத்தேன், கை எட்டிய அளவுக்கு.

சனிக்கிழமை எல்லா ஏற்பாடும் முடிந்தது. இரண்டாவது விடுகதையைப் பக்கத்துத் தெருவில் இருக்கும் கோமுவின் சித்தி ஆறுமுகத்தாயிடம் கொடுத்துவைத்தேன். மூன்றாவது, எதிர்வீட்டு மைதீன் பாத்திமாவிடம். அவளும் கோமுவும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. புதையல் பெட்டி, அதாவது ஒரு டப்பா நிறையக் கடலை மிட்டாயும் கலர் பென்சில்களும், செந்தூர்பாண்டி வேனில். வேன் அருவிக்குப் போய்த் திரும்பி வரும்போது பிள்ளைகளும் கடைசி விடைக்கு வந்து சேர்ந்திருப்பார்கள் என்பது என் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகள் ப்ரியா, அவள் சிநேகிதி சுகிர்தா, தெருப் பிள்ளைகள் இன்னும் ரெண்டு மூணு பேரைக் கூட்டி உட்காரவைத்து முதல் சீட்டை வாசித்தேன்.

“தொப்பை பெருத்த ராசா
தூங்குறாரு பரணு மேல.
தந்தவர் பேரைத் தெரிஞ்சுக்கோ,
அவர் வீட்டுக் கதவைத் தட்டிக்கோ.”

கீழே சட்டங்கள் எழுதியிருந்தேன். சட்டம் இல்லாத ஆட்டம் ஆட்டமே இல்லை என்பது என் கொள்கை. பேர் தெரியாதவர் பாத்திரத்தை இறக்கி, புளி போட்டுத் துலக்கி, பேரைப் படித்துக்கொள்ள வேண்டும். அதுவரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. புதையலும் புதையல் இருக்கிற இடமும் கண்டுபிடித்தவருக்கே சொந்தம். இந்தக் கடைசி வரியை நான் ஒரு கெத்துக்காகத்தான் எழுதினேன். குகை, கோட்டை என்று எழுதிப் பழகிய கை.

கோமு அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இந்தச் சட்டம் பிள்ளைகளுக்கு மட்டுந்தானா?”

“ஆட்டத்துல சேர்ற எல்லாருக்கும்.”

“நீங்க சேர்த்தியா?”

“நான் இல்லாமலா? சட்டம்னா எனக்கும் சட்டந்தான்” என்றேன் பெருந்தன்மையாக. பிள்ளைகள் கைதட்டினார்கள். கோமு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அவள் ஒன்றும் சொல்லாதபோதுதான் நான் பயப்பட வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதுகூடவா எனக்குத் தெரியாது? தெரியும். அருவி ஞாபகத்தில் மறந்துவிட்டேன்.

ஆபீஸில் அவசரக் கூட்டம் என்று சொல்லி, துண்டும் மாற்று வேட்டியும் வைத்த ஆபீஸ் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை என்ன கூட்டம் என்று அவள் கேட்கவில்லை. அவசரமில்லாம பைய போய்ட்டு வாங்க என்று வழியனுப்பியும் வைத்தாள்.

செந்தூர்பாண்டி வீட்டு வாசலில் வேன் நின்றது. ஆனால் அவன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“அருவிக்குப் போற வண்டிய எதுக்குவே கழுவுதீரு? அங்கன போனா தன்னால நனையாதா?” என்றேன்.

“ஒரு டீயக் குடியும்வே. அருவி எங்கயும் ஓடிறாது” என்றான்.

டீ வந்தது. டீக்கு ஒரு வடை. வடைக்கு இன்னொரு டீ. ஒருவழியாக நான் முன் சீட்டில் ஏறி, பையை மடியில் வைத்து, கதவைச் சாத்தினேன். கண்ணை மூடினால் அருவிச் சத்தமே கேட்டது. கூர்ந்து கேட்டேன். அது அருவிச் சத்தம் இல்லை. பிள்ளைகள் சத்தம்.

தெருமுனையில் ப்ரியா ஓடி வந்தாள். பின்னால் சுகிர்தா. அவர்களுக்குப் பின்னால் மற்ற வானரங்கள். எல்லோருக்கும் பின்னால், கையில் ஒரு கூடையோடு, அவசரமே இல்லாமல் கோமு.

கைகளைப் பார்த்தேன், பிள்ளைகளின் கைகளை. ஒரு கையிலாவது புளிக்கறை இல்லை. களிம்பு இல்லை. ஒட்டடை இல்லை.

“பாத்திரத்தை இறக்கவே இல்லையா?” என்றேன், மிட்டாயைத் தவறவிட்ட பிள்ளை மாதிரி.

ப்ரியா விளக்கினாள். முதல் விடுகதையை வாசித்துவிட்டு அவர்கள் ஏணியைத் தேடியிருக்கிறார்கள். அம்மா தேங்காய் துருவிக்கொண்டே, அது அண்டா, எங்க ஆறுமுகத்தாய் சித்தி குடுத்தது என்று சொல்லிவிட்டாள். சித்தி வீட்டிலிருந்து கொண்டுவந்த சீட்டில், கழுத்தும் உண்டு, காதணி இல்லை, வயிறும் உண்டு, வலியே இல்லை என்று இருந்ததை வாசித்து முடிப்பதற்குள், அது தவலை, பாத்திமா குடுத்தது என்றாளாம். மூன்றாவதுக்கு அதுகூட இல்லை. விடுகதையின் முதல் வரியிலேயே, தூக்குவாளி, செந்தூர்பாண்டி அண்ணன் என்றுவிட்டாள். துருவிக்கொண்டிருந்த தேங்காய் மூடி தீருவதற்குள் வேட்டை தீர்ந்துவிட்டது.

பெயரை வெட்டினவன்கூட மறந்துபோயிருப்பான். எந்தப் பாத்திரத்தை யார் கொடுத்தார், எந்த முகத்தோடு கொடுத்தார், அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் என்ன திருப்பிக் கொடுத்தோம் என்று கோமுவுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். வருஷா வருஷம் துலக்கியும் கவனிக்காமல், இன்னும் பேரைப் படிக்க வேண்டியவன் நான் ஒருத்தன்தான். அதை யோசிக்காமல் புதிர் போட்ட என்னைத்தான் ஊர் மூளைக்காரர் என்கிறது.

செந்தூர்பாண்டி புதையல் பெட்டியை எடுத்துக் கொடுத்தான். ப்ரியா சட்டச் சீட்டை எடுத்துப் பிரித்தாள்.

“எப்பா, புதையல் இருக்கிற இடமும் எங்களுக்குத்தான் சொந்தம்னு போட்டிருக்கு. அப்ப இன்னைக்கு வேன் எங்களுக்கு.”

நான் செந்தூர்பாண்டியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கோமு கையிலிருந்த கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதிலிருந்து புளியோதரை மணந்தது.

“சட்டம்னா சட்டந்தானவே” என்றான், சோத்துக்கு விலைபோன பாவி.

சரி, குடும்பத்தோடு குளிப்போம், நனைந்தால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பிள்ளைகள் ஏறினார்கள். கோமு என் பக்கத்துக் கதவருகே வந்து நின்றாள். மடியில் இருந்த பையின் ஜிப்பை லேசாகத் திறந்து பார்த்தாள்.

“ஆபீஸ் கூட்டத்துக்கு மாத்து வேட்டி வேணுமேன்னு யோசிச்சேன். நீங்களே வச்சிருக்கிய.”

நான் சிரித்து வைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

“நீங்களும் ஆட்டத்துல உண்டுன்னு சொன்னியல்லா? ஒரே ஒரு கேள்வி. பரண்ல ஒரு உருளி இருக்கு. அது யாரு குடுத்தது?”

“உங்க பெரியப்பா.”

“இல்ல.”

“மில்லுல வேலை பார்த்தாரே, உங்க மாமா.”

“அவுக குடுத்தது குத்துவிளக்கு.”

“எங்க அக்கா” என்றேன், மூழ்குகிறவன் கையை நீட்டுவதுபோல.

“உங்க அக்காவா? உருளியா?” என்று கேட்டாள். கேட்ட தோரணையிலேயே விடை தப்பென்று பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. பேர் தெரியாதவர் என்று ப்ரியா ஆரம்பித்தாள். பாத்திரத்தை இறக்கி என்று சுகிர்தா எடுத்துக் கொடுத்தாள். புளி போட்டு என்று வேனே முழங்கியது.

“இறங்கும்வே” என்றான் செந்தூர்பாண்டி.

இறங்கினேன். பேரைப் படிச்சிட்டு பஸ்ஸைப் பிடிச்சு வந்துருங்க, பாபநாசம் என்ன பட்டணமா, இந்தா கிடக்கு என்று கோமு ஆறுதலும் சொன்னாள். வேன் போய்விட்டது. என் துண்டும் வேட்டியும் அதோடு போய்விட்டன.

ஒரு உருளி. எடுக்க வேண்டும், துடைக்க வேண்டும், படிக்க வேண்டும். கால் மணி நேரச் சோலி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து ஏணியில் ஏறினேன். அண்டாவுக்குப் பின்னால் தவலை. தவலைக்குப் பின்னால் குத்துவிளக்கு. அதற்குப் பின்னால் இட்லிக் கொப்பரை, குடங்கள், பேர் தெரியாத என்னென்னவோ. இவை அத்தனைக்கும் பின்னால், சுவரோடு சுவராக, கனத்துக்குப் பயந்து ஒவ்வொரு தடவையும் நான் அங்கேயே விட்டுவிடுகிற அந்த அகன்ற வாய் வெண்கல உருளி கவிழ்ந்து கிடந்தது. அதை எடுக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் இறக்கியே ஆக வேண்டும். இறக்கினேன்.

உருளி கன்னங்கரேலென்று இருந்தது. பெயர் இருப்பது தெரிந்தது, யார் என்று தெரியவில்லை. புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். முதலில் ‘தலைப்பொங்கல்’ என்று வந்தது. யாரோ பெரிய கை என்று நினைத்தேன். இன்னும் தேய்த்தேன். ‘கோமுவுக்கு அன்புடன்’ என்று வந்தது. எவன் அவன் அன்புடன் என்று கொஞ்சம் சூடாகவே தேய்த்தேன். ‘அம்மையப்பன்’ என்று வந்தது.

பக்கத்தில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று. டவுனில் ரதவீதிக் கடையில் பேரம் பேசி, பேர் வெட்டுகிறவன் பக்கத்திலேயே நின்று எழுத்துக்கு எழுத்து பார்த்து வெட்டவைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது அப்படியே ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷமும் வந்தது. வெட்கமாகவும் இருந்தது, சொல்லத் தெரியாத ஒரு நிறைவாகவும் இருந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

பஸ்ஸுக்குக் கிளம்பியிருக்கலாம். ஆனால் ஒரு பேரைக் கண்டுபிடித்த கைக்கு அடுத்த பேர் என்ன என்று ஊறல் எடுத்துவிட்டது. கோமு நாளைக்கே குடத்தைப் பற்றிக் கேட்டால் என்ன செய்வேன்? குடத்தைத் தேய்த்தேன். கொப்பரையைத் தேய்த்தேன். ஒவ்வொரு பேராக வெளியே வர வர, நான் எழுதின எந்தப் புதையல் கதையிலும் இவ்வளவு விறுவிறுப்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. புளித்தண்ணீர் தலையிலிருந்து கால்வரை வழிந்தது. அந்த வகையில் எனக்கும் அன்றைக்குக் குளியல்தான்.

சாயங்காலம் வேன் வந்து நின்றது. எல்லோர் தலையும் ஈரம், எல்லோர் முகமும் மலர்ச்சி. கோமு உள்ளே வந்தாள். காலியான பரணைப் பார்த்தாள். தரை முழுக்கத் தகதகத்த பாத்திரங்களைப் பார்த்தாள். நடுவில் உருளியோடு உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தாள்.

“யாரு குடுத்தது?”

“நான்தான்” என்றேன்.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈர முந்தானையால் என் முகத்தில் இருந்த புளியைத் துடைத்துவிட்டாள். இந்த வருஷம் இந்த உருளியில்தான் சர்க்கரைப் பொங்கல் வைக்க வேண்டும் என்று ஆசையாம், அதற்காகவும்தான் பரணை ஒழிக்கச் சொன்னாளாம். விரலால் என் பேரைத் தடவிப் பார்த்தாள். எனக்கு அருவியில் நின்றதுபோல் உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது.

“வேற ஏதாவது சொல்லணுமா கோமு?” என்று குழைந்தேன்.

“ஆமா. பொங்கல் முடிஞ்சதும், குடுத்தவுகளே இதையும் மத்ததோட சேத்துப் பையப் பைய மேல ஏத்தி வச்சிருங்க.”